பக்கத்து மேசை மந்திரி

சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளிக்கு இழுத்துச் செல்லப்பட்டவர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். போன மாதம் நம்மில் ஒருத்தியின் கலியாணத்தில் ஒரே மேசையில் உட்கார்ந்து, முப்பதைத் தொடுவதற்குள் நாம் ஏன் இப்படிக் களைத்துப்போனோம் என்று பேசிக்கொண்டோமே, நினைவிருக்கிறதா? ஒருவன் வேலை என்றான். ஒருத்தி தூக்கமில்லை என்றாள். நான் அன்று வாய் திறக்கவில்லை. என்னைக் கேட்டால், நாம் பதினொரு பன்னிரண்டு வயதிலேயே கிழடாகிவிட்டோம். வங்கியிலும் ஆஸ்பத்திரியிலும் குடிவரவு அலுவலகத்திலும் அப்பா அம்மாவுக்கும் வெள்ளைக்காரருக்கும் நடுவே கதிரை போட்டு உட்கார்ந்து, இரண்டு பக்கத்துப் பேச்சையும் சுமந்தவர்கள் நாம். தன் அம்மாவுக்குப் புற்றுநோய் என்பதைத் தானே மொழிபெயர்த்துச் சொன்னவன் நம் வகுப்பில் இருந்தான். நான் சுமந்தவற்றில் ஒரு குளிர்காலம் மட்டும் இன்னும் முதுகை விட்டு இறங்க மாட்டேன் என்கிறது.

ஊரில் போர் முடிந்து இரண்டு வருடங்கள் ஆகியிருந்தன. நாங்கள் சிட்னியில், வெஸ்ட்மீட்டில் ஒரு செங்கல் அடுக்குமாடியின் மேல்தளத்தில் இருந்தோம். அப்பாவுக்குக் கோழி வெட்டிப் பொதி செய்யும் தொழிற்சாலையில் வேலை. எவ்வளவு குளித்தாலும் அவர் கையில் குளோரின் மணம் இருக்கும். அம்மா ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை செய்தார். அப்பாவின் ஒரே தம்பி, என் சித்தப்பா, படகில் வந்து சிட்னியின் தடுப்பு முகாமில் இருந்தார். அவரை அகதி என்று ஏற்றுக்கொண்டாகிவிட்டது. பாதுகாப்புச் சோதனை ஒன்றுதான் பாக்கி. அதற்கான விசாரணையும் முடிந்து, பதிலுக்காகக் காத்திருந்தோம். எங்கள் வீட்டில் அந்த நாட்களில் வேறு பேச்சே கிடையாது. முன்னறையில் அவருக்கென்று ஒரு கட்டிலும் மெத்தையும் வாங்கிப் போட்டிருந்தோம். மெத்தையின் பிளாஸ்டிக் உறையை அவர் வந்துதான் கழற்ற வேண்டும் என்று அம்மா ஒருவரையும் தொட விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் ரயிலும் பஸ்ஸும் பிடித்து முகாமுக்குப் போவோம். யாரைப் பார்க்க வந்திருக்கிறோம் என்று வாசலில் பெயர் எழுதிக் கொடுக்க வேண்டும். பைகளைச் சோதிப்பார்கள். மணிக்கட்டில் ஒரு முத்திரை குத்துவார்கள். வெறுங்கண்ணுக்கு அது தெரியாது, ஊதா விளக்கின் கீழ் பிடித்தால்தான் மின்னும். வீட்டுக்கு வந்த பிறகும் நான் அந்த இடத்தைத் தேய்த்துத் தேய்த்துப் பார்ப்பேன். உள்ளே முற்றத்தில் பிளாஸ்டிக் மேசைகள் கிடக்கும். அம்மா புட்டும் மீன் குழம்பும் கொண்டுபோவார். சித்தப்பாவின் அறையில் ஒரு பர்மாக்காரர் இருந்தார். அவரைப் பார்க்க யாருமே வருவதில்லை என்று சித்தப்பா சொன்ன நாளிலிருந்து அம்மா அவருக்கும் ஒரு பெட்டி கட்டினார். அந்த மனிதரை நாங்கள் கண்டதில்லை. பெட்டி மட்டும் அடுத்த கிழமை பளிச்சென்று கழுவித் திரும்பி வரும்.

இந்த நேரத்தில்தான் மந்திரி வந்தார்.

எங்களுக்குக் கீழ் வீட்டில் ஒரு தாதி இருந்தார். கரீபியன் கடலில் ஏதோ ஒரு சின்னத் தீவு அவருடைய ஊர். அம்மா கூட்டித் துடைக்கும் வார்டில்தான் அவருக்கும் வேலை. ஊரில் தனியாக இருந்த தகப்பனை அவர் புதிதாக இங்கே கூப்பிட்டிருந்தார். நெட்டையான, எலும்பும் தோலுமான கறுத்த கிழவர். பின்வளவில் நின்று சத்தமாகப் பாடிக்கொண்டே தன் சட்டைகளைக் கொடியில் காயப்போடுவார். எங்கள் வீட்டில் அவரை ஒருவரும் பொருட்படுத்தவில்லை. ஒருநாள் அம்மாவோடு தேநீர் குடிக்கும்போது, தன் அப்பா தங்கள் நாட்டில் மந்திரியாக இருந்தவர் என்று தாதி பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறார். அன்று மாலை அம்மா வேலை உடுப்போடு ஓடிவந்தார்.

"இஞ்சாருங்கோ, கீழ் வீட்டுக் கிழவர் மினிஸ்டராம்!"

"என்ன மினிஸ்டர்? சேர்ச்சில பிரசங்கம் பண்ணுற மினிஸ்டரோ?"

"இல்லையப்பா, நாட்டுக்கு மினிஸ்டர். கார், கொடி, பொலிஸ் எல்லாம் இருந்த மினிஸ்டர்."

அப்பா எழுந்து ஜன்னலால் எட்டிப் பார்த்தார். கிழவர் உள்ளாடை ஒன்றை உதறிக்கொண்டிருந்தார். அப்பா நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஊரில் மந்திரி என்றால் என்னவென்று நம் அப்பாமாருக்குத்தான் தெரியும். ஒரு எம்பி தலையசைத்தால் வாத்தியார் வேலை கிடைக்கும். மந்திரி ஒருவர் தொலைபேசியை எடுத்தால் பொலிஸ் பிடித்த பிள்ளை வீட்டுக்கு வந்து சேரும். உலகத்து மந்திரிமாரெல்லாம் ஒரே குடும்பம், ஒருவர் சொன்னால் மற்றவர் கேட்பார் என்று அப்பா உண்மையாகவே நம்பினார். "இவர் இங்கத்தை மினிஸ்டரிட்டை ஒரு சொல்லுச் சொன்னாக் காணும். தம்பி வெளியில" என்றார். அவர் குரலில் அப்படியொரு உற்சாகத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை. அதனால்தான் இன்றும் அந்த நாளை நினைத்தால் எனக்குக் கோபம் வர மறுக்கிறது.

அடுத்த கிழமையே விருந்து. அம்மா நண்டு வாங்கினார், கதிரைகளைத் துடைத்தார். அப்பா கலியாணக் கோட்டைப் போட்டுக்கொண்டார். மந்திரி ரப்பர் செருப்போடு வந்தார். கையில் அவரே அரைத்த மிளகாய்ச் சோஸ் ஒரு போத்தல் இருந்தது. ஒரு துளியை நக்கிப் பார்த்த அப்பாவுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. மந்திரி நண்டை ஓட்டோடு கடித்துச் சாப்பிட்டுவிட்டு, எல்லாருடைய சாப்பாட்டுக் கோப்பைகளையும் அடுக்கித் தூக்கிக்கொண்டு குசினிக்குள் போனார்.

"ஐயோ பிள்ளை, மந்திரி கோப்பை கழுவுறார்! வேண்டாமெண்டு சொல்லு!" என்று அம்மா பதறினார்.

சொன்னேன். சிறையில் எல்லாருடைய கோப்பையும் கழுவினவன், கை பழகிப்போச்சு என்றார். சிறை என்ற சொல்லை அப்பாவிடம் சொல்வதா விடுவதா என்று தயங்கிவிட்டுச் சொன்னேன். அப்பாவின் முகம் சுருங்கியது. பிறகு தானே சமாதானமானார். "எங்கட தலைவர்மாரும் மறியலுக்குப் போனவைதானே" என்றார். சிறையை அவர் மறியல் என்றுதான் சொல்வார்.

அதன் பிறகு பல மாலைகள் அவர் எங்கள் வீட்டில் உட்கார்ந்து தன் கதையைச் சொன்னார். அவருடைய ஆங்கிலம் தாளம் போட்டுக்கொண்டு வரும், பாதி எனக்கே விளங்காது. ஆனால் அவர் சொன்னதெல்லாம் எனக்கு எங்கள் வீட்டுத் தமிழில்தான் நினைவிருக்கிறது. அப்பாவுக்கு அப்படித்தானே சொன்னேன்.

அவருடைய தாய் வாழைக்குலைகளைத் தலையில் சுமந்து கப்பலில் ஏற்றியவர். குலையில் ஒரு காய் அடிபட்டாலும் அந்தக் குலைக்குக் கூலி இல்லை. இளந்தாரியானதும் அவர் துறைமுகத்துத் தொழிலாளரைத் திரட்டி வேலைநிறுத்தம் செய்தார். கப்பல் முழுதும் ஏற்ற இருந்த வாழைக்காய் கரையிலேயே பழுத்து அழுகியது. கடைசியில் கம்பனி இறங்கி வந்தது. "அந்த அழுகல் மணம் இன்னும் என்ர மூக்குக்குள்ள இருக்கு. வெண்டிட்டம் எண்டு நினைச்சா எனக்கு அந்த மணம்தான் வரும்" என்றார். அப்பா தன் உள்ளங்கையை மெல்ல மூக்கருகே கொண்டுபோனதைப் பார்த்தேன்.

பிறகு ஒரு இடதுசாரிக் கட்சி தொடங்கினார்கள். தேர்தலில் வென்றார்கள். இவருக்குத் தண்ணீர்த் துறை. மலைக் கிராமங்களுக்கெல்லாம் குழாய் போட்டார். தன் தாயின் கிராமத்துக்குக் கடைசியாகத்தான் தண்ணீர் விட்டார், சொந்தக்காரருக்குச் செய்கிறான் என்று ஒருவரும் சொல்லக்கூடாதாம். தாய் அதுவரைக்கும் வாளி தூக்கினார்.

இதைக் கேட்டு அம்மா என் பக்கம் குனிந்து, "நான் சொல்லுறதை மொழிபெயர்க்காதை. பெத்த தாய்க்கே செய்யாத மனுசன் எங்கட ஆளுக்கு என்னத்தைச் செய்யப்போறார்?" என்றார். எங்கள் வீட்டில் அம்மாவுக்குத்தான் அரசியல் விளங்கியிருக்கிறது. ஆனால் அவரை யாரும் கேட்கவில்லை.

மூன்று நாலு வருடத்தில் கட்சி இரண்டாக உடைந்தது. ஒரே சட்டியில் சாப்பிட்டவர்கள் ஒருவரையொருவர் சுட்டார்கள். சுடக்கூடாது என்று கூட்டத்தில் கையை உயர்த்தினதற்காக இவரைப் பிடித்து உள்ளே போட்டார்கள். மந்திரி விரலைத் துப்பாக்கியாக நீட்டியதைக் கண்டு, நான் மொழிபெயர்க்கத் தொடங்கும் முன்பே அப்பா கையைக் காட்டி நிறுத்தினார். "விளங்குது பிள்ளை. எங்கட இயக்கக்காரரும் அப்பிடித்தான்" என்றார். 

சிறையில் இவரைப் பார்க்க வருகிறவர்களின் பெயரை எழுதி வைத்தார்கள். அதனால் பயந்து கூடப்பிறந்தவர்கள்கூட வரவில்லை. துறைமுகத்தில் மீன் விற்கும் பெண் ஒருத்தி மட்டும் ஒரு வழி கண்டுபிடித்தாள். பக்கத்தில் அடைபட்டிருந்த ஆட்டுக் கள்ளன் ஒருவனைப் பார்க்கப் போகிறேன் என்று பெயர் கொடுத்துவிட்டு வருவாள். வந்து, ஊர்ச் செய்தி, புதினம் முழுவதையும் அந்தக் கள்ளனுக்குச் சொல்வது போல உரத்த குரலில் கத்திச் சொல்லிவிட்டுப் போவாள். கள்ளனுக்குப் பிடித்த கறியெல்லாம் கிடைத்ததாம். வெளியே வந்ததும் மந்திரி அவளைத்தான் கட்டினார். கீழ் வீட்டுத் தாதி அவர்களுடைய மகள்.

இந்தக் கதைக்கு அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். "ஆட்டுக் கள்ளனுக்கு அடிச்ச யோகம்!" என்று இரண்டு நாள் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

சிறைக்குப் பிறகு இவர் ஒவ்வொரு தேர்தலிலும் நின்று, ஒவ்வொன்றிலும் தோற்றார். பிழைப்புக்கு ஒரு மினி பஸ் ஓட்டினார். சனம் பஸ்ஸில் ஏறும், கட்டிப்பிடிக்கும், வாக்கு மட்டும் போடாது. "அதை விடு பிள்ளை, மந்திரியா இருந்த காலத்தைக் கேள்" என்பார் அப்பா. தோல்விகளை அவர் ஒருநாளும் முழுதாகக் கேட்கவில்லை. மந்திரியோ மந்திரியாக இருந்த காலத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் கொட்டாவி விடுவார்.

கடைசியில் அப்பா விஷயத்துக்கு வந்தார். நான் மொழிபெயர்த்தேன். மந்திரி என்னை விட்டுவிட்டு அப்பாவின் முகத்தையே பார்த்துப் பதில் சொன்னார்.

"இஞ்ச ஒருதருக்கும் என்னை ஆரெண்டு தெரியாது. என்னால உங்கட தம்பியை வெளியில எடுக்க ஏலாது. அவரைப் போய்ப் பாக்க ஏலும். அதைச் செய்யிறன்."

இதைவிடத் தெளிவாக ஒரு மனிதன் சொல்ல முடியுமா? நான் ஒரு சொல்லும் விடாமல் அப்பாவிடம் சொன்னேன். அவர் போனதும் அப்பா அம்மாவைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்.

"பெரிய ஆக்கள் உப்பிடித்தான் சொல்லுவினம். வாய்விட்டு வாக்குக் குடுக்க மாட்டினம். பின்னால செய்வினம்."

மந்திரி சொன்னபடி செய்தார். ஞாயிறு எங்களுக்கு, புதன் அவருக்கு. அந்த வயதில் ரயிலும் பஸ்ஸும் மாறித் தனியே போய்வந்தார். ஒரு மரப்பெட்டியில் டொமினோக் காய்கள் கொண்டுபோவார். அவருடைய ஊரில் அதைக் காதைப் பிளக்கிற மாதிரி மேசையில் அறைந்துதான் விளையாடுவார்களாம். சித்தப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களுக்கும் அறைந்து காட்டினார். காவலாளி ஓடிவந்து என்ன சத்தம் என்று பார்த்தான். சித்தப்பா சிரித்ததை அன்றுதான் முதன்முதலாகக் கண்டேன்.

இடையில் மந்திரி அப்பாவின் தொழிற்சாலையைப் பற்றி விசாரிக்கத் தொடங்கினார். கையுறை தருகிறார்களா, காயம் பட்டால் என்ன செய்வார்கள், சங்கம் இருக்கிறதா? அப்பா வெலவெலத்துப்போனார். "எங்கட போஸ் தங்கமான ஆள் எண்டு சொல்லு. யூனியன் கீனியன் ஒண்டும் வேண்டாமெண்டு சொல்லு" என்றார். போஸ் தங்கமானவர் என்று நான் சொன்னேன். மந்திரி அப்பாவின் விரல் வெடிப்புகளைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். தொழிலாளருக்குச் சங்கம் அமைப்பது அவரால் செய்யக்கூடியது. அப்பா அதை வேண்டாம் என்றார். அவரால் செய்யவே முடியாததை மட்டும் எதிர்பார்த்துக்கொண்டிருந்தார்.

தமிழ்ப் பள்ளி ஆண்டு விழா உங்களுக்கு நினைவிருக்கும். உங்களில் பாதிப் பேர் மேடைக்குப் பின்னால் மயில் இறகு குத்திக்கொண்டு நின்றீர்கள். அந்த வருடம் உள்ளூர் வெள்ளைக்கார எம்பி வருவதாக இருந்தது. நம் மந்திரியையும் பிரதம விருந்தினராக்கி எம்பிக்குப் பக்கத்துக் கதிரையில் இருத்திவிட்டால் காரியம் தானாக நடக்கும் என்று அப்பா திட்டம் போட்டார். தமிழ்ச் சங்கத் தலைவரின் வீட்டுக்கு நடையாய் நடந்து அதைச் சாதித்தார். தலைவர் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு, "மேன்மை தங்கிய முன்னாள் அமைச்சர் அவர்கள்" என்று நீட்டி முழக்கினார். அப்பாதான் பொன்னாடை போர்த்தினார். சரிகைக் கரை போட்ட மஞ்சள் சால்வை. மற்றவர்கள் அதை உடனே மடித்து மடியில் வைப்பார்கள். இவர் கடைசிவரை இழுத்துப் போர்த்திக்கொண்டே இருந்தார். அந்த மண்டபத்தில் குளிர் அப்படி.

பேச அழைத்தார்கள். மந்திரியாக இருந்ததைவிடக் கைதியாக இருந்த காலம் அதிகம் என்று தொடங்கினார். இந்த ஊரில் உங்கள் பிள்ளைகள் அடைபட்டிருக்கிறார்கள், என்னால் கதவைத் திறக்க முடியாது, ஆனால் உள்ளே போய்ப் பக்கத்தில் உட்கார முடியும், அதற்கு யாரும் மந்திரியாக இருக்கத் தேவையில்லை என்றார். பிறகு எம்பியின் பக்கம் திரும்பி, "தோழரே, நீங்கள் போய்ப் பார்த்தீர்களா?" என்று கேட்டார். எம்பி சிரித்துக்கொண்டே கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அப்பாவுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. கை வலிக்கத் தட்டினார். தலைவருக்கு எல்லாம் விளங்கியது.

"கொம்யூனிஸ்டைக் கொண்டுவந்து மேடையில ஏத்திப்போட்டியளே!" என்று வாகனத் தரிப்பிடத்தில் வைத்து அப்பாவிடம் சொன்னார். நான் மயில் தோகையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

சில நாட்களுக்குள் சித்தப்பாவுக்கான பதில் வந்தது. பாதுகாப்புச் சோதனையில் மறுத்துவிட்டார்கள். காரணம் சொல்ல மாட்டார்களாம். அகதி என்பதால் திருப்பி அனுப்ப மாட்டார்கள், ஆபத்தானவர் என்பதால் வெளியேயும் விட மாட்டார்கள். எவ்வளவு காலத்துக்கு என்று அப்பா கேட்டார். காலம் என்று ஒன்றும் இல்லை என்று சித்தப்பாவின் வக்கீல் சொன்னதைத் தமிழில் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை. அம்மா முன்னறைக் கட்டிலில் போய் உட்கார்ந்தார். பிளாஸ்டிக் உறை சரசரவென்று சத்தம் போட்டது.

அன்று பின்னேரம் தலைவர் தொலைபேசியில் வந்தார். அவருடைய குரல் எங்கள் எல்லாருக்கும் கேட்டது. "ஆரார் பாக்க வருகினம் எண்டு அங்க பதிவு இருக்கு. கொம்யூனிஸ்ட், அதுவும் மறியலில இருந்தவர், கிழமைக்குக் கிழமை போறார். நான் ஒண்டும் சொல்லேல்லை. நீங்களே யோசியுங்கோ."

அப்பா யோசிக்கவில்லை. யோசிக்கிற நிலையில் அவர் இல்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கினார். மந்திரி கதவைத் திறந்தார். உள்ளே ஏதோ வாழைக்காய் பொரித்த வாசம் வந்தது.

"சொல்லு பிள்ளை. இனிமேல் தம்பியைப் பாக்கப் போக வேண்டாமெண்டு சொல்லு."

"அப்பா…"

"சொல்லு!"

சொன்னேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. வழக்கம்போல அப்பாவின் முகத்தைப் பார்த்தார்.

"சரி. உங்கட தம்பி, உங்கட முடிவு. ஒண்டு மட்டும் செய்யுங்கோ. நான் வரமாட்டன் எண்டு அவருக்குச் சொல்லிப்போடுங்கோ. உள்ளுக்கு இருக்கிறவனை வாசலைப் பாத்துக்கொண்டிருக்க விடக்கூடாது."

"ஓம், ஓம்" என்றார் அப்பா. அவர் கண்கள் கிழவரின் ரப்பர் செருப்பில் இருந்தன.

ஞாயிற்றுக்கிழமை சித்தப்பாவிடம் சொன்னோம். அவர் புட்டைக் கிளறிக்கொண்டிருந்தார். அதன் பிறகு மாடிப்படியில் மந்திரி எதிர்ப்பட்டால் அப்பா சாவியைத் தேடுகிற மாதிரிச் சட்டைப்பையைத் தடவுவார். மந்திரி வணக்கம் சொல்லிக்கொண்டுதான் போனார். மிளகாய்ச் சோஸ் தீர்ந்த பிறகும் அம்மா அந்தப் போத்தலை எறியவில்லை, கழுவி ஜன்னலில் வைத்திருந்தார். பிறகு எப்போதோ வீடு மாறும்போது அதுவும் தொலைந்தது.

அடுத்த குளிர்காலத்தில் அவர் இறந்துபோனார். நெஞ்சில் சளி கட்டி, மகள் வேலை செய்த ஆஸ்பத்திரியிலேயே. அம்மா வந்து சொன்னபோது அப்பா "பாவம்" என்றார். பிறகு தொலைக்காட்சியில் வேறு சானலுக்கு மாறினார். இறுதிச் சடங்குக்கு நானும் அம்மாவும் மட்டும் போனோம். சவப்பெட்டிக்குள் அவர் கால்மேல் எங்கள் மஞ்சள் சால்வை விரித்திருந்தது. சரிகை நூல் பிரிந்து, ஓரமெல்லாம் நைந்துபோயிருந்தது. "எங்கட மரியாதையை மனுசன் மறக்கேல்லை" என்று அம்மா அழுதார். ஒரு விழாவில் போர்த்தின சால்வை எப்படி இவ்வளவு நைந்தது என்று எங்கள் இருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

அதற்குப் பிறகு ஒருநாள், மறுத்ததைப் போலவே காரணம் சொல்லாமல், சித்தப்பாவை விட்டுவிட்டார்கள். முடிவு மாறிவிட்டதாம். அவ்வளவுதான். அவர் வீட்டுக்கு வந்து, மெத்தையின் பிளாஸ்டிக் உறையைக் கத்தரித்து எடுத்தார். அம்மா நண்டுக் குழம்பு வைத்தார். அப்பா தன் கையால் பரிமாறிவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

"அண்ணை, கீழ் வீட்டில வெளிச்சத்தைக் காணேல்லை. அந்த மனுசன் எங்கை? முதல் அவரைப் பாக்கவேணும்" என்றார் சித்தப்பா.

"அவர் செத்துப்போனார். போன குளிருக்கு" என்றார் அம்மா. "உமக்கு ஏன் வீணாக் கவலையெண்டு சொல்லேல்லை."

சித்தப்பா பிடித்த சோற்றை அப்படியே கோப்பையில் வைத்தார்.

"அதுதான் வரேல்லையோ… நான் நடக்க ஏலாமப் போச்சாக்கும் எண்டு நினைச்சன்."

"அவர் எங்க வந்தவர்? நான்தானே வரவேண்டாமெண்டு சொன்னனான்" என்றார் அப்பா.

"என்னைப் பாக்க வரேல்லை அண்ணை. பர்மாக்காரனைப் பாக்க வந்தவர்."

எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. சித்தப்பா மெல்ல மெல்லச் சொன்னார். அப்பா தடுத்த அடுத்த புதனே மந்திரி வந்து பர்மாக்காரரின் பெயரை எழுதிக் கொடுத்திருக்கிறார். அதே நேரம் சித்தப்பாவின் பெயரை எழுதிக்கொண்டு வர ஒரு தேவாலயத்துப் பெண்ணையும் அவரே ஒழுங்கு செய்திருக்கிறார். இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து மேசையில் இருத்தப்படுவார்கள். மந்திரி ஒருநாளும் சித்தப்பாவின் பக்கம் திரும்பியதில்லை. பர்மாக்காரரோடு டொமினோவை ஓங்கி ஓங்கி அறைந்துகொண்டு, உலகத்துச் செய்தி, ஊர்ப் பாட்டு, தான் தோற்ற தேர்தல் எல்லாவற்றையும் முற்றமே கேட்கும்படி சொல்லுவாராம். அவர் வருவது நின்றதும் அந்தப் பெண்ணும் வரவில்லையாம்.

"குளிருக்கு அந்த மஞ்சள் சால்வையைப் போத்துக்கொண்டு வருவார். வாசலில அந்த மஞ்சளைக் கண்டாத்தான் அண்டைக்கு எனக்குச் சோறு இறங்கும்."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?" என்றார் அப்பா.

"சொல்ல வேண்டாமெண்டு தேவாலயத்து அம்மாட்டைச் சொல்லி விட்டவர். அண்ணை பயந்துபோய் இருக்கிறார், அவரை இன்னும் பயப்படுத்தாதையுங்கோ எண்டு." சித்தப்பா அப்பாவின் பக்கம் திரும்பினார். "அதோட அண்ணை, அந்த விசாரணை முடிஞ்சது அவர் என்னைக் காண முன்னம். அவரைப் பற்றி என்னை ஒருதரும் ஒரு கேள்வியும் கேக்கேல்லை."

அப்பாவின் கையில் குழம்பு காய்ந்துகொண்டிருந்தது. அவர் கழுவ எழும்பவில்லை.

"மீன்காரியின்ர கதை" என்றார். "எனக்குச் சொன்ன கதைதானே அது. இதே மேசையில வைச்சுச் சொன்னவர். நான் சிரிச்சனான்." பிறகு எங்கள் எல்லாருக்கும் முன்னால் அழுதார். அப்பா அழுது நான் பார்த்தது அது ஒரு தடவைதான்.

அந்த ஞாயிறு காலையில் அம்மா வழக்கம்போல அந்தப் பெட்டியைக் கட்டினார். பர்மாக்காரர் இன்னும் உள்ளேதான் இருந்தார். அப்பா வேறு உடுப்பு மாற்றிக்கொண்டு, "வா பிள்ளை" என்றார். இனி அந்தப் பக்கமே போக வேண்டியதில்லை என்று நினைத்துச் சந்தோஷப்பட்டிருந்த எனக்கு உடம்பெல்லாம் அலுப்பாக இருந்தது. ஆனாலும் போனேன்.  வாசலில் பேனாவை என்னிடம் தராமல், சித்தப்பா சொல்லிக்கொடுத்த பெயரை ஒவ்வொரு எழுத்தாகத் தானே எழுதினார். முத்திரை குத்தக் கையை நீட்டினார்.

முற்றத்துக்கு வந்த பர்மாக்காரர் நான் நினைத்ததைவிடச் சின்ன உருவம். எங்களை அடையாளம் தெரியாமல் நின்றார். அம்மாவின் பெட்டியைக் கண்டதும் முகம் மலர்ந்தது. பிறகு எங்களைத் தாண்டி, வாசல் பக்கம் எட்டி எட்டிப் பார்த்தார். தோளைச் சுற்றிச் சால்வை போர்த்துகிற மாதிரிச் சைகை செய்து, அரைகுறை ஆங்கிலத்தில், கிழவர் எங்கே என்று கேட்டார். இவருக்கும் யாரும் சொல்லியிருக்கவில்லை.

நான் வாயைத் திறந்தேன். அப்பா என் தோளில் கை வைத்து நிறுத்தினார்.

"ஓல்ட் மேன் டை" என்றார். சொல் தேடிக் கொஞ்சம் நின்றார். "நவ், ஐ கம். எவ்ரி சண்டே, ஐ கம்."

பர்மாக்காரர் அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஒரு கதிரையை இழுத்து அப்பாவுக்குப் போட்டார். அன்று எனக்கு அங்கே வேலை இருக்கவில்லை. நான் பெட்டியைத் திறந்து, புட்டை மூன்றாகப் பிரித்து வைத்தேன்.